வீரைக் கட்டை

சலாகுதீனின் லாண்ட்மாஸ்டர்
கிண்ணியாப் பாலம் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.
இல்லை, பொய்.
உவர்மலை ஏற்றத்தில் சைலன்சர் வெடிக்கும்போதுதான் தெரியும்.

கேற்றடியில் இறக்குவான்.
ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்ப்பேன்.
காய்ந்தது ‘ணங்’ என்னும்.
ஈரமானது
வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பதில் சொல்லும்.
“அக்கா, விறகு வாங்கிறீங்களா, மிருதங்கம் வாங்கிறீங்களா?”
மார்கழி மழையில்
விடியமுன் இருநூறு தட்டு இடியப்பம் அவிப்பவளுக்கு
இரண்டும் ஒன்றுதான், தம்பி.

வீரை என்றால் பேச்சில்லை.
சொன்ன இடத்தில் நின்று எரியும்.
பாலை அதைவிடப் பாரம், கோடரியை மதிக்காது.
தென்னம்பாளை பற்றவைக்க மட்டும்,
கல்யாண வீட்டுச் சண்டைபோல
எழுந்த வேகத்தில் அடங்கிவிடும்.
ஒருமுறை முருங்கை கலந்து கொண்டுவந்தான்.
அது விறகில்லை,
விறகு வேஷம் போட்ட தண்ணீர். திருப்பி ஏற்றினேன்.

காஸைக் குறை சொல்லமாட்டேன்.
மூன்று வருஷம் அதில்தான் அவித்தேன்,
நீலமாய், சத்தமில்லாமல், கண் எரியாமல்.
ஆனால் அது தன் முடிவைச் சொல்லாது.
ஒருநாள் விடியப்புறம் மூன்றரைக்கு
ஏழாவது அடுக்கு பாதி வெந்து நிற்க
ஒரு பெருமூச்சும் விடாமல் போனது.
சிலிண்டரை ஆட்டினேன், சரித்தேன்,
தூங்குபவனை எழுப்புவதுபோல் தட்டினேன்.
நாளைக்கு நான்கு கட்டைதான் மிச்சம் என்றால்
விறகு அதை இன்றைக்கே சொல்லிவிடும்.

பிறகு வரிசைக் காலம் வந்தது.
சிலிண்டர்கள் சங்கிலி போட்டு வெயிலில் நின்றன,
ஆட்கள் மதில் நிழலில்.
மண்ணெண்ணெய்க்கு வேறு வரிசை.
கிடைத்தாலும் இடியப்பத்தில் லாம்பு மணக்கும்.
கரண்டைப் பற்றிக் கதைக்க
கரண்ட் இருக்கவேண்டுமே.

அந்தக் கிழமைகளில் ஒரு காலை
எதிர்வீட்டுப் பியதிலக சோற்றுப் பானையோடு வந்து நின்றார்.
சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு இரவுக் காவல்.
காட்டுக்குள் குந்தியிருக்கிற பழைய இரும்பு வயிறுகளை
விடியும்வரை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு
என்னிடம் நெருப்புக் கேட்டார்.
“உள்ளுக்கு ஒண்டுமே இல்லையா?”
“நமக்கு வெளிய மட்டுந்தான் காவல், நோனா.”
சிரித்து முடிக்கமுன் உலை கொதித்துவிட்டது.

என் வேலை முடிந்த பிறகும்
அடுப்பில் ஒரு பானைச் சோற்றுக்குத் தணல் கிடக்கும்.
அதற்கு நான் காசு கொடுத்ததில்லை,
வாங்கியதும் இல்லை.

புகையை மறைக்கவில்லை.
கண் டாக்டர் திட்டினார்.
கூரையைக் கிழித்துத் தகரக் குழாய் வைத்தேன்.
பாதி வெளியே போகிறது,
மீதியை நானும் கொடியில் காயும் சீலைகளும்
பங்கு போடுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் தயக்கம்.
போன மாதம் பிளக்க எடுத்த ஒரு கட்டையின் வெட்டுவாயில்
வளையங்களை எண்ணினேன். முப்பத்தொன்று.
என் மகள் துளசிகாவைவிட ஐந்து வயது மூப்பு.
எரிந்து முடிய
பன்னிரண்டு தட்டும் ஒரு கேத்தில் தேத்தண்ணியும்.
“எங்க வெட்டினது?” என்றேன்.
“பெர்மிட் இருக்கக்கா” என்றான்,
நான் கேட்டதற்கு அது பதிலில்லை.
எண்ணெய்க்கும் வயதுண்டாம், கோடிக்கணக்கில்.
அது தன் வயதைக் காட்டுவதில்லை,
குழாயைத் திறந்தால் புதிதுபோல வரும்.
இது காட்டுகிறது.
காட்டுவதால்தான்
ஒரு கட்டை போதுமென்கிற இடத்தில்
இரண்டாவதை இழுத்து வெளியே போடுகிறேன்.

இப்போது காஸ் வருகிறது.
இரவில் யாருக்காவது காய்ச்சலென்றால் சுடுதண்ணீருக்கு வைத்திருக்கிறேன்.
அந்தப் பழைய வெற்றுச் சிலிண்டர்
விறகை மூடிய தறப்பாளின் மேல் நிற்கிறது,
வாடைக் காற்று தூக்காமல்.
அடிக்கடி டவுன் மான் ஒன்று வந்து
தறப்பாள் குழியில் தேங்கிய மழையைக் குடித்துவிட்டு
சிலிண்டரை ஒருதரம் மோந்து பார்க்கும்,
பிறகு வீரைப் பட்டையைக் கடிக்கும்.
நான் கதவைத் தட்டி விரட்டுவேன்.
அது நாலடி தள்ளிப் போய் நின்று
என் புகையைப் பார்க்கும்.